கிணற்றில் தண்ணீர் ஏறும் வேகம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் மறுபடியும் விழுந்தாள். திரையில் அவள் ஆட்டிவைத்த சின்ன உருவம் ஏணியைத் தவறவிட்டு, கீழிருந்து பொங்கி வந்த தண்ணீருக்குள் போய்விட்டது. கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினாள். இந்தப் பக்கம் இருந்த மூன்று பேரில் அந்தத் திட்டு யாருக்கு என்பது முள்ளுவுக்குத் தெரியும். அந்தக் கிணற்றை வெட்டினவன் அவன்தான்.

வீடியோ கேம் செய்கிற கம்பெனி அது. கேமில் அவன் போடுகிற கட்டங்கள், அதாவது லெவல்கள், எல்லாம் குத்தும் என்பதால் முள்ளு என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பாழுங்கிணற்றின் அடியிலிருந்து ஏணி ஏணியாகத் தாவி மேலே வர வேண்டும், பின்னாலேயே தண்ணீர் ஏறி வரும். இதுதான் கட்டம். இதற்காக அவன் ஒரு வருஷமாகச் சோறு தண்ணீரை மறந்து கிடந்தான்.

வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். ஆடுகிறவருக்கு யாரும் வழி சொல்லக் கூடாது. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டால் வெறுத்துவிட்டார் என்று கணக்கு. இதுவரை ஆட வந்த இரண்டு பேரும் இந்தக் கிணற்றில்தான் கீழே வைத்தார்கள். இவளும் வைத்தால் கிணற்றையே கேமிலிருந்து தூக்கிவிடுவதாக மேஸ்திரி சொல்லியாயிற்று.

மேஸ்திரி என்பது அந்த இடத்தின் தலைவிக்கு முதுகுக்குப் பின்னால் உள்ள பெயர். சாரம் கட்டி வேலை வாங்குகிற இடத்தைப் போலத்தான் அவள் ஆபீஸை நடத்தினாள். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அக்கா.

ஆட வந்தவள் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். விடுமுறை நாளில் வந்திருந்தாள். தடித்த விரல்கள். அந்த விரல்களில் இருந்து முள்ளு கண்ணை எடுக்கவில்லை.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பும்னு சொல்வாங்க. நீ பூதம் கிளம்பணும்னே வெட்டியிருக்க மாப்ள," என்றான் பக்கத்தில் இருந்த பாட்டுக்காரன். கேமுக்குச் சத்தம் சேர்ப்பது அவன் வேலை.

"வாயை மூடு."

"அவங்களுக்குக் கேக்காதுடா."

"எனக்குக் கேக்குதுல்ல."

கிணறு போய்விடுமோ என்பது மட்டுமில்லை முள்ளுவின் பயம். சோதனை நாளில் யாரும் எதிலும் கைவைக்கக் கூடாது என்பது அங்கே சத்தியம் மாதிரி. காலையில் ஆள் வருவதற்கு முன்பே வந்து அவன் கைவைத்திருந்தான். ஆடுகிறவர் ஒவ்வொரு முறை விழும்போதும் தண்ணீர் கொஞ்சம் மெதுவாகும். யாருக்கும் தெரியாது.

அவள் விழுந்தாள். தண்ணீர் மெதுவானது. இன்னும் விழுந்தாள். இன்னும் மெதுவானது. மற்ற இருவரும் கைவிட்ட இடத்தைத் தாண்டினாள்.

அப்போது அவள் ஏணியின் நடுவில் நின்றுவிட்டாள்.

"ஏன் நிக்கறாங்க?" மேஸ்திரி கண்ணாடிப் பக்கம் குனிந்தாள்.

அவள் ஏறவில்லை. தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு படி கீழே இறங்கினாள். தண்ணீர், கல்யாண வீட்டுக்குக் கூப்பிடாமல் வந்தவனைப் போலத் தயங்கித் தயங்கி வந்தது. இன்னும் ஒரு படி இறங்கினாள்.

"என்னடா, எனக்காக நிக்கறியா?" மைக் வழியாக அவள் குரல் இந்த அறைக்குள் வந்தது. "விழுந்தா விழுந்துட்டுப் போறேன். நீ யாரு என்னை இடுப்புல தூக்கி வெச்சுக்கறதுக்கு?"

கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

மேஸ்திரி மெதுவாகத் திரும்பினாள். "தண்ணி ஏன் இப்படி நடக்குது?"

பாட்டுக்காரன் கூரையைப் பார்த்தான்.

"முள்ளு."

"நான்தான்க்கா. காலைல வெச்சேன். விழ விழ மெதுவாகற மாதிரி."

"வேலியே மேஞ்சாச்சு." அவள் குரலை உயர்த்தவில்லை. "கீழ வெச்சுட்டாங்க. கிணறு போச்சு. போய் கேம்லேர்ந்து கிணத்தை எடுத்துடு."

எடுத்துவிடலாம் என்றுதான் முள்ளுவும் எழுந்தான். ஆனால் இந்தப் பக்கத்துத் திரையில் அவள் விழுந்த இடங்கள் சிவப்புப் புள்ளிகளாக அப்பிக்கிடந்தன. அத்தனையும் ஒரே இடம். தாவி ஒரு கட்டையில் நின்றதும் அடுத்த ஏணி இடது பக்கம் இருட்டில் இருக்கும். அங்கே வரும்போதெல்லாம் அவள் தலை வலது பக்கம் போய், பிறகு இடது பக்கம் வந்தது. அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, நம்மள்ல யாராவது அந்த ஏணியைத் தேடியிருக்கோமா?"

"தேட என்ன இருக்கு, இடது பக்கம்தான..." என்று ஆரம்பித்த பாட்டுக்காரன் பாதியில் நிறுத்தினான்.

"அதான். நாம ஆடி ஆடிக் கட்டை விரல் தானா போகுது. அந்த விரலை வெச்சுத்தான் நான் தண்ணிக்கு வேகம் போட்டேன். பாக்கறதுக்குன்னு நேரமே குடுக்கல." "மெதுவாக்கற சமாச்சாரத்தைத் தூக்கிடறேன். வேகம் பழைய வேகம்தான். அந்த ஒரு இடத்துல மட்டும் குறுக்க இரும்புக் கம்பி போடறேன், கேம் தண்ணிதான, கம்பிக்கும் கொஞ்சம் நிக்கும். தண்ணி முட்டி உடைச்சுட்டு வரட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி, கண்ணுக்குத் தெரியற மாதிரி."

"ஒரு தடவை திருட்டுத்தனமா கை வெச்சவன் நீ."

"இப்ப சொல்லிட்டு வைக்கறேன்."

மேஸ்திரி கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். "அவங்களுக்கு டீ குடுக்கச் சொல்றேன். குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான் உனக்கு. அதுக்குள்ள முடியலன்னாலும், அவங்க திரும்பக் கீழ வெச்சாலும், உன் கையாலயே கிணத்தை மூடிட்டுப் போ."

முள்ளுவின் விரல்கள் விசைப்பலகையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வேறொரு கட்டத்துச் சிறைக்கதவிலிருந்து கம்பியைப் பிடுங்கி வந்தான். முதல் தடவை தண்ணீர் கம்பியை மதிக்காமல் போனது. இரண்டாவது தடவை கம்பி உடையவே இல்லை. தண்ணீர் அதன் கீழேயே நின்றுவிட, ஏணியில் ஏற வேண்டிய அவசரமே இல்லாமல் போனது. பாட்டுக்காரன் கிண்டலை மறந்து இரும்பு முனகுகிற சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

"டீ ஆறிடுச்சு மாப்ள. பெரிய பெரிய மடக்கா குடிக்கறாங்க."

"பாக்காத. சத்தத்தைப் போடு."

கோப்பை மேசையில் வைக்கப்படும் சத்தமும் முள்ளு கடைசி வரியை அடித்து முடித்ததும் ஒன்றாகத்தான் நடந்தது. சரிபார்க்க நேரமில்லை.

மேஸ்திரி உள்ளே போனாள். "நீங்க சொன்னது சரி, மெதுவாத்தான் வந்துச்சு. அதை எடுத்தாச்சு. இனிமே தண்ணி யாருக்காகவும் தயங்காது. இன்னொரு தடவை பாக்கறீங்களா?"

"இனிமே விழுந்தா என் தப்பா?"

"உங்க தப்புதான்."

அவள் கன்ட்ரோலரை எடுத்தாள்.

அடியிலேயே விழுந்தாள். பழைய வேகம், மெதுவான தண்ணீருக்குப் பழகிய கைக்கு அது அறைந்த மாதிரி இருந்திருக்கும். மறுபடி விழுந்தாள். மூன்றாவதில் கட்டைக்கு வந்துவிட்டாள். கீழே தண்ணீர் கம்பியில் மோதியது. இரும்பு முனகியது. அவள் நிமிர்ந்து வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், ஏணியைக் கண்டாள். அவள் தாவவும் கம்பி தெறிக்கவும் சரியாக இருந்தது. தோளை முறுக்கிக்கொண்டு ஏறினாள். அதற்கும் மேலே இருந்த ஒரு சங்கிலியைப் பிடிக்கப்போய் விழுந்தாள்.

முள்ளு அவள் கையையே பார்த்தான். கை மேசைப் பக்கம் போனது. உள்ளங்கை வேர்வையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"சே. என் தப்பு," என்றாள். மறுபடி ஆரம்பித்தாள்.

விழுந்தாள். ஏறினாள். விழுந்தாள். பாட்டுக்காரன் நகம் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட அவள் கிணற்றைவிட்டு மேலே வரவில்லை. மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"நேரம் முடிஞ்சுதுங்க. ரொம்ப நன்றி."

"இருங்க."

"பரவால்ல, முழுசா ஏறணும்னு இல்ல. கீழ வெச்சுடுங்க."

"நான் எதுக்கு வைக்கணும்?" அவள் திரும்பவே இல்லை. "நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க."

மேஸ்திரி கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். முள்ளு எழுந்து நின்றான்.

"கம்பி உடையறதுக்கு முன்னாடியே உடையற சத்தம் வந்துடுது," என்றாள். "அதைச் சரி பண்ணு. காலைல பண்ண காரியத்துக்கு உன்னைத் தனியா கவனிச்சுக்கறேன்."