இடது மார்பு மச்சம்

உலையில் அரிசி போட்ட கையைத் துடைக்கக்கூட விடவில்லை. ஜீப் வந்து வாசலில் நின்றது. எஸ்.ஐ.யும் இரண்டு கான்ஸ்டபிள்களும் இறங்கினார்கள். தொண்ணூற்றேழு, ஆடி மாதம், காலை ஏழு மணி. தாம்பரத்தில் எங்கள் தெருவே கதவிடுக்கில் நின்று வேடிக்கை பார்த்தது. நாசமாய்ப் போகிறவர்கள், ஒருத்தராவது என்ன ஏது என்று கேட்டார்களா?

"அரிகிருஷ்ணன், அப்பா பேரு துலுக்காணம். நீதானே?"

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? திருமுடிவாக்கம் கம்பெனியில் நாலு வருஷமாய் அந்தப் பெயரில்தான் லேத் ஓட்டுகிறார். அது அவருடைய அண்ணன் பெயர். வேலைக்குப் பத்தாவது சர்டிபிகேட் கேட்டார்கள். எட்டோடு நின்றவர், ஊரைவிட்டு ஓடிப்போன அண்ணனுடையதைக் கொடுத்துச் சேர்ந்துவிட்டார். அதில் 'இடது மார்பில் மச்சம்' என்று இருக்கிறதே என்று, திருநீர்மலைத் திருவிழாவில் ஒரு மச்சமும் பச்சை குத்திக்கொண்டார்.

"யோவ், உன் சட்டைய அவுத்து எவன்யா பாக்கப் போறான்?" என்று அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

இன்றைக்குப் பார்த்தார்கள்.

"மச்சம் கீது சார்," என்றார் கான்ஸ்டபிள்.

"கொலை கேஸு. வண்டில ஏத்து."

அண்ணன்காரன் செய்த பாவம் இவர் தலையில்! கோழி அறுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார்.

"சார், அது பச்சை குத்துனது சார்! இவரு தம்பி சார்!" என்று எஸ்.ஐ. காலில் விழுந்தேன்.

எஸ்.ஐ. கையிலிருந்த காகிதத்தை மறுபடி படித்தார். "ரெண்டாவது அடையாளம், வலது முழங்காலுக்குப் பின்னால தழும்பு. லுங்கியத் தூக்குடா."

தூக்கினார். கான்ஸ்டபிள் குனிந்து தடவிப் பார்த்தார்.

"இல்ல சார்."

"அப்ப உன் பேரு இன்னாடா?"

"அரிகிருஷ்ணன் சார்," என்றார். பாவி மனுஷா! சொல்லிச் சொல்லிப் பழகியது, பயத்தில் அதுவேதான் வந்தது. கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உன் புருஷன் பேரு இன்னா?"

தாலி கட்டின நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிரசவத்துக்குப் போன இடத்தில்கூட எழுதித்தான் காட்டினேன். தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"பாலகுரு! பாலகுரு சார்!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து அழுதார். "ஆமா சார். பாலகுரு."

"விலங்க உள்ள வைய்யா," என்றார் எஸ்.ஐ. "ஆனா ஸ்டேஷனுக்கு வா. சர்டிபிகேட்டுக்குப் பதில் சொல்லணும்."

விலங்கில்லாத கையோடு ஜீப்பில் ஏறினார். வேலை போனால் போகட்டும், என் பாலகுரு திரும்பி வந்தால் போதும் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.