பூரணிக்கு ஒரு சிறுவீடு

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு என்ன பார்சல் வருகிறது என்பது கூரியர்காரருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். சத்யபிரியா வீட்டு வாசலில் சிறுவீடு எழும்பியதை முதலில் பார்த்ததும் நான்தான்.

சிறுவீடு என்பது பெண்பிள்ளை இருக்கிற வீட்டுச் சமாச்சாரம். மார்கழி முழுக்கக் கோலத்தில் வைத்த பூசணிப்பூவைச் சாணியோடு ராட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். தை பிறந்ததும் வாசலில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்கு ஒரு வீடு கட்டி, பிள்ளை பேரில் பொங்கலிட்டு, ராட்டியை ஆற்றில் விடுவார்கள். சத்யபிரியாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருசமாகிறது. பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை.

"ஏட்டி, யாருக்கு இது?" என்றேன்.

"பூரணிக்கு, அத்தை."

பூரணி என்பது அவள் வளர்க்கும் நாய்க்குட்டி. பெட்டைக்குட்டி வேண்டாம் என்று யாரோ ஐப்பசி மழையில் விட்டுப்போனதை, அவள் புருஷன் விஜய்பாண்டி சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெரு ஆவுடைத்தாயிடமும் இசக்கிசெல்வியிடமும்தான் சொன்னேன். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ராட்டி விடுவதற்கு எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்துக் குற்றாலம் போவது வழக்கம். அருவிக்குளியலும் அதோடு முடிந்துவிடும். எனக்கு இரண்டும் பையன்கள். ஆனாலும் வேனில் எனக்கு ஓர் இடம் உண்டு. எல்லாரும் குளிக்கப் போனால் பாத்திரங்களுக்குக் காவல் வேண்டாமா?

அன்று காலை சத்யபிரியா கையில் பொங்கல் தூக்குவாளியோடும் இடுப்பில் பூரணியோடும் வந்து நின்றாள். குட்டிக்கு அரக்குக் கலரில் பட்டுப்பாவாடை, நெற்றியில் பொட்டு, கழுத்தில் ஒரு கண்ணி மல்லிகைப்பூ. அந்தப் பூவைத் தின்ன முடியாமல் அது தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாவாடை அவள் கல்யாணப்பட்டின் பிளவுஸ் துணியில் தைத்தது. அந்தக் கலர் எனக்கு மறக்காது.

வேன் ஏற்பாடு இசக்கிசெல்வியுடையது. தையல் மிஷின் வைத்திருப்பவள். இரண்டு பெண்களுக்குத் தாய்.

"ஏட்டி, நாய்க்கும் ஒரு சீட்டா?" என்றாள்.

"மடியிலதான் இருக்கும்க்கா."

"நாய் மடியில இருக்கும். நாய்க்குப் பொங்குன பொங்கல யாரு திங்கப்போறா?"

சத்யபிரியா தூக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு ஏறினாள்.

இசக்கிசெல்வி கேட்டதில் விஷயம் இருந்தது. ராட்டி விட்டபின் எல்லாரும் கரையில் உட்கார்ந்து ஒருவர் வீட்டுப் பொங்கலை இன்னொருவர் ஒரு வாயாவது தின்ன வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். யாரும் தொடாத பொங்கலைத் திருப்பிக் கொண்டுபோனால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

வேனில் சத்யபிரியா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

"வருசா வருசம் இந்த வேன் கெளம்புதத ஜன்னல்ல நின்னு பாத்திருக்கேன், அத்தை. ஒரு தடவ உள்ள இருந்து பாக்கணும்னு தோணிச்சு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "யாரும் திங்காட்டா என்ன செய்ய?"

"எனக்கென்னட்டி தெரியும்" என்றேன். பொங்கலுக்குப் பொங்கல் அவளிடம் 'விசேஷம் உண்டா' என்று கேட்டுவந்தவள் நான். அந்த வருசம் அதைக் கேட்க வாய் வரவில்லை.

ஐந்தருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. குளித்து வந்த பிள்ளைகள் கீழே ஓடுகிற தண்ணீரில் ராட்டிகளை விட்டார்கள். சத்யபிரியா பூரணியின் முன்னங்காலைப் பிடித்து ராட்டியைத் தள்ளவைத்தாள். ராட்டி போனது. கூடவே குதிக்கப் பார்த்த குட்டியை இசக்கிசெல்வியின் சின்ன மகள் பாவாடையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினாள்.

கரையில் தூக்குகளைத் திறந்ததும் ஒரு குரங்கு வந்தது. நாய் இருக்கிறதே, விரட்டும் என்று எல்லாரும் பூரணியைப் பார்த்தோம். அது சத்யபிரியாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. கடைசியில் ஆவுடைத்தாய்தான் செருப்பை எடுத்தாள்.

பிறகு இலைத்துண்டுகள் கை மாறின. அந்த வீட்டுப் பொங்கல் இங்கே, இந்த வீட்டுப் பொங்கல் அங்கே. சத்யபிரியாவின் தூக்குப் பக்கம் மட்டும் ஒரு கையும் வரவில்லை. அவளும் யாரிடமும் நீட்டவில்லை. மூடியைத் திறந்து வைத்துவிட்டு, குட்டியின் ஈரக்காதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த காதையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

எனக்கோ ஒரே ஒரு சந்தேகம். முந்திரி போட்டிருக்கிறாளா, இல்லையா? இத்தனை வருசமாக எதிர்வீட்டில் இருந்தும் இவள் கைச்சமையலை நான் ருசி பார்த்ததில்லை. தெருவில் எனக்குத் தெரியாமல் கிடந்த விஷயம் அது ஒன்றுதான். எட்டி ஒரு கை அள்ளி வாயில் போட்டேன்.

"வெல்லம் தூக்கல்" என்றேன்.

"பாகு கொஞ்சம் மிஞ்சிட்டு, அத்தை" என்றாள்.

ஆவுடைத்தாய்க்கு, நான் குறை சொன்ன பண்டத்தைத் தானும் தின்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது. "தூக்கலா? இங்கன தள்ளு பாப்போம்." தின்றாள். "வெல்லம்லாம் சரியாத்தான் இருக்கு. ஏலக்காதான் பத்தல."

ஏலக்காய் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் கிளம்பியது. தின்னாமல் அபிப்பிராயம் சொல்ல முடியாதே. தூக்கு கை மாறிப் போனது. இசக்கிசெல்வியின் சின்னவள் தான் தின்றதில் பாதியைப் பூரணிக்கு ஊட்டினாள்.

இசக்கிசெல்வி மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கு அவளிடம் வந்தபோது அடியில் கொஞ்சம்தான் ஒட்டியிருந்தது. ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தாள். இன்னொரு தடவை வழித்தாள்.

திரும்பும்போது பூரணி இசக்கிசெல்வியின் மகள் மடியில் தூங்கியது. இசக்கிசெல்வி அதன் பாவாடை ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"இத யாருட்டி தச்சா?"

"நான்தான்க்கா. கையால."

"கோணலா இருக்கு. அடுத்த வருசம் மார்கழியிலயே கூட்டிட்டு வா, அளவெடுக்கணும்."

சத்யபிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த மார்கழிக்குள் அந்த நாய் எவ்வளவு பெரிதாகும் என்று இசக்கிசெல்வி யோசித்த மாதிரி தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.