ஒரு வாய்த் தண்ணீர்

அந்த மழலையர் பள்ளியில் அவளுக்கு எஃப்.எம். டீச்சர் என்று பெயர். வாய் ஓயாது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. அவள் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தூங்கி வழிந்ததில்லை.

அந்த வருஷம் டீச்சர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்தி வகுப்பை இன்னொருத்தி செல்போனில் படம் பிடிப்பது, சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது.

இவள் வகுப்பைப் படம் பிடித்தவள் பக்கத்து வகுப்பு டீச்சர். குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து பார்த்தார்கள். படத்தில் எஃப்.எம். டீச்சர் வாளித் தண்ணீரில் கல்லைப் போட்டாள்.

"கல்லு ஏன் முழுகிச்சு?"

ஓரத்தில் ஒரு சிறுமி வாயைத் திறந்தாள். அதற்குள், "கனமா இருக்குல்ல, அதான்!" என்று டீச்சரே சொல்லிவிட்டாள். அடுத்த கேள்விக்கும் அதே கதை.

எஃப்.எம். டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. "அய்யோ, இந்தப் பொண்ணு வாயே திறக்க மாட்டான்னு நெனச்சேனே!"

"விடுங்கக்கா. எனக்கு நேர்மாறு. நான் கேக்குற கேள்வி முன்வரிசையைத் தாண்டாது," என்றாள் பக்கத்து வகுப்பு டீச்சர்.

"நான் எப்படிடி வாயை மூடுறது? பிரேக் இல்லாத வண்டி இது."

"கேள்வி கேட்டதும் ஒரு வாய்த் தண்ணி ஊத்திக்கங்க. முழுங்காதீங்க."

திங்கட்கிழமை எஃப்.எம். டீச்சர் வாளியில் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டாள். மிதந்தது. "இது ஏன் முழுகல?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரை வாயில் நிரப்பிக்கொண்டாள். பிள்ளைகள் வாளியையே பார்த்தார்கள். பதில் தொண்டை வரை வந்து முட்டியது. அடக்கிக்கொண்டு நின்றாள்.

அந்த ஓரத்துச் சிறுமி மெல்ல எழுந்து வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அது சட்டை போட்டிருக்கு. சட்டைக்குள்ள காத்து இருக்கு."

பிறகு டீச்சரின் உப்பிய கன்னங்களை அண்ணாந்து பார்த்தாள். "டீச்சரும் மிதப்பாங்க."

அவ்வளவுதான். தண்ணீர் பீறிட்டு முன்வரிசை முழுக்க நனைந்தது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்தாள். எஃப்.எம். டீச்சர் பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தாள். "இந்தா, இப்ப நீ கேளு. கடைசி வரிசைக்குக் கேக்கணும்."

அவள் தொண்டையைச் செருமினாள். மூச்சை இழுத்துப் பிடித்து, "இப்ப முழுகுமா, மிதக்குமா?" என்று கத்தினாள்.

"முழுகும்!" என்று கடைசி வரிசைதான் முதலில் கத்தியது.

வாளியில் போட்டதும் பழம் நேரே அடிக்குப் போய் உட்கார்ந்தது. இரண்டு டீச்சர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து குதித்தார்கள்.