கயிறு தளர்ந்த இடம்

மறுபடியும் முதுகு பட்டுத்தான் விழுந்தேன். மூக்கில் ஏறிய ஏரித் தண்ணீரைக் காறித் துப்பிவிட்டு, காலோடு பூட்டிய பலகையுடன் மிதந்துகொண்டிருந்தேன். அண்ணன் படகைத் திருப்பிக்கொண்டு வந்தான். வழக்கம்போல முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. விழுந்தது நானா அவனா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

படகு கிளப்பும் அலைமேல் ஏறி, படகில் கட்டிய கயிற்றின் கைப்பிடியை இடுப்போடு இறுக்கி, பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம். அவ்வளவுதான் வித்தை. அது வந்தால் ஏரியில் வித்தை காட்டும் சாகசக் குழுவில் எனக்கு இடம் உண்டு. சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆவியில் வேகிற பிழைப்புக்குப் பெரிய கும்பிடு போட்டுவிடலாம். மறுநாள் அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு. வலது தோள் ஏற்கெனவே ஒருமுறை கழன்றது. இன்னொரு தடவை கழன்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அண்ணனிடம் சொல்லித் தொலைத்தது என் முட்டாள்தனம்.

குறை என் உடம்பில் இல்லை என்பது அன்றுதான் பிடிபட்டது. நான் எழும்பிய கணத்தில் எஞ்சின் சத்தம் இறங்கியது, கயிறு தளர்ந்தது. கயிறு இழுத்தால்தான் உடம்பு சுற்றி முடிக்கும். படகோட்டும்போது பின்னால் பார்க்க முன்னாலிருந்த கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன், நான் காற்றில் ஏறியதும் பயந்து வேகத்தைக் குறைத்திருக்கிறான். மாதக்கணக்காக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகின் ஓரத்தைப் பிடித்தபடி கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"நீ மேல போனதும் கை தானா எறங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தக் கண்ணாடிய மேல திருப்பு. என்னைப் பாக்காத. அக்கரை வர்ற வரைக்கும் வேகம் கொறையக் கூடாது."

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆகட்டும். சத்தியம் பண்ணு."

பண்ணினான். கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு, என் தோளை ஒரு தரம் பார்த்தான். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை.

கயிறு அவ்வளவு விறைப்பாக இழுத்து நான் அறிந்ததே இல்லை. எழும்பினேன். வானம் காலுக்குக் கீழே வந்து போனது. எஞ்சின் சத்தம் இம்மியும் குறையவில்லை. பலகை தண்ணீரைத் தொட்டது. வந்துவிட்டது என்று ஒரு நொடி பூரித்துப் போனேன். ஆனால் தளர்ந்த கயிற்றுக்கே பழகிய என் கைகள், கைப்பிடியை இடுப்பிலிருந்து எப்போதோ விலகவிட்டு முன்னால் நீட்டியிருந்தன. படகு இழுத்த இழுப்பில் தோள் கழன்ற சத்தம் காதில் விழுந்தது.

மிதவைச் சட்டை என்னை மல்லாக்கப் போட்டது. வலது கை என்னுடையதாக இல்லை. "அண்ணா" என்று கத்தினேன். வெறும் கைப்பிடி தண்ணீர்மேல் குதித்துக் குதித்து ஓடியது. அதற்கு அப்பால் அவன், முதுகை விறைத்துக்கொண்டு, ஒரு தரம்கூடத் திரும்பாமல், அக்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.