மானுக்குத் தெரியாத நிறம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான பெருஞ்செய்தி, மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஒரு சதுப்புக் காட்டோரத்து மரக்குடிலில், வேட்டைப் பருவம் திறப்பதற்கு முந்தைய நாள் மாலை வெளியிடப்பட்டது. வெளியிட்டவன் டாரல் புருக்னர். உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம், கேட்க இருந்தவர்கள் இரண்டே பேர். ஆனாலும் பீர் டப்பாவைக் கீழே வைத்து, எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொன்னான்.

"மானுக்கு ஆரஞ்சு நிறம் தெரியாது."

அவனுடைய மாமனார் உர்ஹோ சால்மெலா துப்பாக்கிக் குழலைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இதுக்கா எந்திரிச்சீங்க மாப்ள? கக்கூசுக்குக் கெளம்பிட்டீங்களோன்னு நெனச்சேன்."

இன்னொரு மாப்பிள்ளை மெல்வின் ஹார்யு அடுப்போரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். மூத்த மகளைக் கட்டியவன். அவனுக்கு மானின் கண்ணைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. மானின் தொடையைப் பற்றித்தான் இருந்தது. வசந்தத்தில் காகித ஆலை மூடியதிலிருந்து அவனுக்கு வேலையில்லை. வீட்டு நிலவறையில் இருக்கும் ஃப்ரீசரில் போன வாரத்தோடு எல்லாம் தீர்ந்துவிட்டது. மனைவி கார்லா அதைக் கழுவித் துடைத்து, கதவைத் திறந்தபடி வைத்திருந்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது மெல்வினுக்கு. குளிர்காலம் முழுக்க வீட்டில் கறி இருக்குமா இல்லையா என்பது இந்தப் பருவத்தில் அவன் ஒரு மானைக் கொண்டுபோவதைப் பொறுத்தது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவன் கொண்டுபோனது சளி மட்டும்.

"நம்ம கண்ணு மாதிரி இல்ல சகல," என்று டாரல் அவன் பக்கம் திரும்பினான். கிரீன் பே நகரில் காப்பீடு விற்பவன். விற்காத நேரத்திலும் விற்பவன். "ஆரஞ்சு, சிவப்பெல்லாம் அதுக்குக் காஞ்ச இலை மாதிரி மங்கலாத்தான் தெரியும். ஆனா நீலம் இருக்கே, நீலம்! நமக்குத் தெரியறதைவிடப் பளீர்னு தெரியும். நமக்குத் தெரியவே தெரியாத ஊதாவுக்கு அந்தப்புறம் இருக்கற வெளிச்சம்கூட அதுக்குத் தெரியும்."

மற்ற இருவரும் மெல்வினின் ஜீன்ஸைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். நீலமாகத்தான் இருந்தது.

"இதப் போட்டுக்கிட்டு நீங்க பரண்ல உக்காந்தா, மானுக்கு கிறிஸ்துமஸ் மரம் வச்ச மாதிரி."

"அப்ப பரிசு வாங்கக் கிட்ட வரும்ல?" என்றார் உர்ஹோ.

டாரல் அணிந்திருந்தது அப்பேர்ப்பட்ட உடுப்பு. தலை முதல் கால் வரை ஓக் இலைகள் அச்சிட்டது. நிபுணர்கள் மானின் கண்ணுக்குள் புகுந்து பார்த்து வடிவமைத்ததாம். அந்தக் காட்டில் தேவதாரு உண்டு, பிர்ச் உண்டு, கொசு உண்டு. ஓக் கிடையாது. இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. உர்ஹோவுக்கு நேரமில்லை, மெல்வினுக்குத் தெம்பில்லை.

பிறகு டாரல் விளக்கை அணைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கைவிளக்கை எடுத்தான். அதன் ஊதா வெளிச்சம் சுவர்மேல் போனது. ஆணியில் தொங்கிய மூன்று ஆரஞ்சு மேல்சட்டைகளும் பேய் பிடித்தாற்போல் நீலவெள்ளையாய் ஒளிர்ந்தன. மற்ற வேட்டைக்காரன் நம்மை மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமலிருக்க, போட்டுக்கொள்ளும்படி சட்டம் கட்டாயப்படுத்தும் சட்டைகள் அவை. வெளிச்சம் நகர்ந்து உர்ஹோவிடம் வந்தது. அவருடைய நீண்ட உள்ளாடை தேவாலய ஜன்னல் போல் ஜொலித்தது.

"சலவைப் பொடி!" என்று டாரல் கிசுகிசுத்தான். "வெள்ளையா, பளிச்சுன்னு காட்டணும்னு அதுல ஒண்ணு கலக்கறான். நமக்கு அது வெள்ளை. மானுக்கு அது சைரன். மாமா, உங்கள நிலாவுல இருந்து பாக்கலாம்."

"நிலாவுல மான் இருக்கா?"

"நான் சீரியஸாப் பேசறேன் மாமா."

"அதுதான் மாப்ள உங்களோட சிக்கலே."

மெல்வின் கண்ணை மூடிக்கொண்டான். கார்லா பொடி போட்டுத் துவைத்தது தப்பு என்று ஒருவன் சொல்லி அவன் கேட்பது இதுதான் முதல் தடவை. மான் கிடைக்காததற்கு இவ்வளவு தெளிவாகக் காரணம் கிடைத்துவிட்டது. வேலை போனதற்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

டாரல் ஒரு குப்பி சோப்புத் தண்ணீரும் கொண்டுவந்திருந்தான். வாசனையற்றது, ஒளிராதது. விலையை மட்டும் அவன் சொல்லவில்லை. சட்டைகளை அதில் அலசிவிட்டால் மானுக்கு முன்னால் மனிதன் காற்றாகிவிடுவானாம். குடிலை ஒட்டிய சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், வெந்நீர் இருந்தது. மூவரும் பருவம் திறப்பதற்கு முந்தைய நாள் வழக்கப்படி ஆவியில் வெந்து, வியர்த்து, வெளியே பனியில் நின்று ஊதி, திரும்பவும் வெந்தார்கள். டாரல் மேல்சட்டைகளை அலசி, அடுப்புக் கற்களுக்கு நேர் மேலே இருந்த கம்பியில் வரிசையாகப் போட்டான்.

"காலைல மொறுமொறுன்னு காஞ்சிரும்."

கடைசியாக வெளியே வந்தவர் உர்ஹோ. சவுனாவில் அடுப்பை வெறுமனே அணையவிடுவது அவர் குடும்பத்தில் கேவலம். அவருடைய அப்பா கடைசி ஆள் வெளியேறும்போது அடுப்பு நிறைய விறகு திணித்து அறையை உலரவைப்பார். இவரும் கையில் அகப்பட்ட பிர்ச் கட்டைகளை எல்லாம் திணித்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவருடைய அப்பா காயப்போட்டது கம்பளி. இது பாலியெஸ்டர்.

விடியுமுன் கதவைத் திறந்தபோது கற்களின் மேல் ஆரஞ்சுப் பாகு படர்ந்திருந்தது. பொத்தான்கள் மட்டும் தனித்தனியாகக் கிடந்தன.

"இப்ப ஒளிருதான்னு பாருங்க மாப்ள," என்றார் உர்ஹோ.

டாரல் நிஜமாகவே விளக்கை எடுத்து அடித்துப் பார்த்தான். ஒளிரவில்லை.

ஆரஞ்சு ஏதாவது ஒன்று உடம்பின் மேல் இல்லாமல் துப்பாக்கியோடு காட்டில் நடந்தால் சட்டம் பிடிக்கும். ஆகவே, வருஷத்தின் சிறந்த விடியலில், ஊரில் இருக்கும் எல்லாரும் பரணில் உட்கார்ந்திருந்த வேளையில், மெல்வின் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் கடைக்குப் போனான். கல்லாவில் இருந்த ஃபெர்ன் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மேல்சட்டையா? இன்னிக்கா? ஏன் மெல்வின், சாப்பாட்டுக்கு இலை போட்டப்புறம் அரிசி வாங்க வர்ற?"

"சவுனால உருகிப்போச்சு."

"மூணுமா?"

"மூணும்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த ஊரில் அதற்குமேல் கேட்பது மரியாதையல்ல. அடியிலிருந்து ஒரு ஆரஞ்சுக் குல்லாயை எடுத்துப் போட்டாள். உச்சியில் குஞ்சம் வைத்தது. சிறுவர் அளவு.

"இது ஒண்ணுதான் இருக்கு. காதை விட்டுட்டு மாட்டிக்க."

திரும்பி வரும் வழியெல்லாம் காட்டின் நாலு பக்கமும் வெடிச்சத்தம். ஒவ்வொரு சத்தமும் வேறு யாரோ ஒருவரின் ஃப்ரீசர் நிறையும் சத்தமாகக் கேட்டது. சத்தம் கேட்ட மான் எல்லாம் இந்நேரம் சதுப்புக்குள் போய்ப் படுத்திருக்கும்.

ஒரு குல்லாய், மூன்று தலை. உர்ஹோ தீர்ப்புச் சொன்னார்: "வண்டி ஓட்டினவன் போட்டுக்கட்டும். நான் இன்னொரு காப்பி குடிக்கறேன்."

"ஜீன்ஸயாவது கழட்டிட்டுப் போங்க சகல," என்றான் டாரல்.

"கழட்டிட்டு?"

"என் பேண்ட்டு இருக்கு."

டாரலின் ஓக் இலைக் கால்சட்டை மெல்வினின் தொடையோடு நின்றது. அதைப் பிதுக்கிக் கழற்றிவிட்டு, கார்லா துவைத்த நீல ஜீன்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு, குஞ்சம் ஆட அவன் காட்டுக்குள் போனான்.

பரணில் ஒளிந்து உட்காரவும் அவனுக்குத் தோன்றவில்லை. காலைத் தொங்கப்போட்டான். கறியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டி குளிர்ந்துபோயிருந்தது; அதைப் பிட்டு, உள்ளே இருந்த கறியை முதலில் தின்று, கிழங்கைப் பிறகு தின்றான். காது மரத்துப்போயிற்று. ஆலையில் இயந்திரம் ஓடிய நாளில் சத்தத்தில் காது போய்விடும் என்று பயந்திருக்கிறான். இப்போது இந்தக் குல்லாய் போதும். ஒரு கட்டத்தில் தூங்கியும் போனான். வீட்டுக்குப் போய் கார்லாவிடம் என்ன சொல்வது என்று தூக்கத்திலும் யோசித்தான்.

விழித்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. தேவதாருக்களுக்கிடையிலிருந்து ஒரு கிழட்டுக் கலைமான் வந்துகொண்டிருந்தது. காற்று அதன் பக்கமிருந்து இவன் முகத்தில் வீசியது. அவசரமில்லாத நடை. கால் வைக்குமுன் ஒவ்வொரு முறையும் நிலத்தை முகர்ந்துகொண்டது. திறந்தவெளியில் வந்து நின்று தலையைத் தூக்கி நேராக அவனைப் பார்த்தது.

கண்ணுக்கு மறைவாக ஓர் இலைகூட இல்லை. பளிச்சென்ற நீலக் கால்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. மெல்வின் மெதுவாகத் துப்பாக்கியைத் தூக்கினான். அது ஓடவில்லை. ஓடித் தொலையேன், அப்படியே நானும் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு, திறந்து கிடந்த ஃப்ரீசர் கதவை நினைத்துச் சுட்டான்.

அது முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டது, அதற்கும் அலுத்துப்போயிருந்தது போல.

வெடிச்சத்தம் கேட்டு டாரலும் உர்ஹோவும் கயிறோடு வந்தார்கள். மெல்வின் அதற்குள் இறங்கி வந்து மானின் தலைமாட்டில் குந்தி, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு தூரம் சகல?" என்று டாரல் மூச்சிரைத்தான்.

"இந்தா, அந்தப் பரண்லேர்ந்து இங்க."

"நேரா உங்களப் பாத்துச்சா?"

"பாத்துச்சு."

"ஓடல?"

"ஓடல."

டாரல் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தான். "புதுக் குல்லாய்! சலவைப் பொடியே படாத குல்லாய்! நான் நேத்து என்ன சொன்னேன்? மாமா, என்ன சொன்னேன்?"

"நெறையச் சொன்னீங்க மாப்ள. அந்த ஜீன்ஸு?"

"பரண் பலகை மறைச்சிருக்கும். அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு." அடுத்த மாதம் கிரீன் பே வேட்டைக்காரர் சங்கத்தில் இதை விளக்கப் போவதாகவும், மெல்வின் அந்தக் குல்லாயோடு மேடையில் நின்றால் போதும், பேச வேண்டியதில்லை என்றும் சொன்னான். கொம்பைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி, பக்கத்தில் மண்டியிட்டு, உர்ஹோவைப் படம் எடுக்கச் சொன்னான்.

மெல்வின் கத்தியை எடுத்தான். கிழடு, கறி நாராகத்தான் இருக்கும். மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். அடுத்த பங்குனி வரைக்கும் வரும்.

மானுக்கு இரண்டு கண்ணிலும் புரை.