நூறு சதவீத ரிசல்ட்

பள்ளி விட்டு வெகுநேரமாகியும் ஜோசஃபின் பத்தாம் வகுப்பறையிலேயே உட்கார்ந்து அரையாண்டுக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். முன்பெஞ்சில் சாந்தகுமாரி மட்டும் தனியாக இருந்து, சொல்லிக் கொடுத்த தேற்றத்தை மறுபடி மறுபடி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் அல்சூர் கடைத்தெருவின் ஆட்டோ இரைச்சல் ஜன்னல் வழியே வந்து விழுந்தது.

"மிஸ், என் பேப்பர் ஆயிடுச்சா?"

"இருபத்தெட்டு. போன தடவை பதினொண்ணு வாங்கின கழுதை நீதானா?"

சாந்தகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாஸுக்கு இன்னும் ஏழுதான் மிஸ்!"

இந்தச் சிரிப்புக்காகத்தான் ஜோசஃபின் இந்த வேலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேங்க் பரீட்சை பாஸ் செய்தும் போகாமல் விட்டவள் அவள். கணவன் ஜெயராஜ் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. பள்ளியோ பதினோரு வருஷமாக அவளை ஏப்ரலில் நிறுத்தி ஜூனில் புதிதாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் யார் சொல்லிக் கொடுத்தாலும் தேறிவிடும், கடைசி பெஞ்சுக்குத்தான் டீச்சர் வேண்டும் என்பது அவள் எண்ணம். வேஷமில்லை, நிஜமாகவே அப்படி நம்பினாள்.

மறுநாள் கரஸ்பாண்டென்ட் ஓஸ்வால்ட் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எதிர் ஸ்கூல்காரன் நூறு பர்சென்ட்னு பேனர் கட்டிட்டான். நாமளும் இந்த வருஷம் காட்டியே ஆகணும். டவுட்டா இருக்கிற மூணு பேர பரீட்சை எழுத விடாம நிறுத்தறோம். ரெண்டு பேர் வீட்ல ஒத்துக்கிட்டாங்க. சாந்தகுமாரியோட அம்மா நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"அந்தப் பொண்ணு மார்ச்சுக்குள்ள தேறிடுவா சார்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

ஜோசஃபின் கையிலிருந்த விடைத்தாள் கட்டை மேஜையில் வைத்தாள்.

"ஜூன்ல ஒரு பர்மனென்ட் போஸ்ட் வருது மிஸ். கமிட்டில உங்க பேரச் சொல்லணும்னு நெனச்சிருக்கேன். ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அவள் சாந்தகுமாரியின் வீட்டுக்குப் போனாள். அம்மா தனக்கோடி கார்மென்ட்ஸில் காலர் தைப்பவள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"ஃபெயிலாயிட்டா பொண்ணு மனசு விட்டுடும். அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டும். நானே வந்து சொல்லித் தரேன்" என்றாள் ஜோசஃபின்.

"நீங்க சொன்னா சரியாத்தான் மிஸ் இருக்கும். எங்களுக்கு இன்னா தெரியும்?"

"இன்னும் ஏழுதான மிஸ்?" என்றாள் அடுப்படியில் நின்ற சாந்தகுமாரி.

"வாய மூடுடி. மிஸ் உன் நல்லதுக்குத்தான சொல்றாங்க."

பொங்கல் கழிந்ததும் சாந்தகுமாரி அம்மாவோடு கம்பெனிக்குப் போய், தைத்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டும் வேலையில் சேர்ந்தாள். சொல்லித் தருகிறேன் என்ற ஜோசஃபின் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

மே மாதம் நூறு சதவீதம் வந்தது. பள்ளி திறந்ததும் ஷாமியானா போட்டு விழா எடுத்தார்கள். ஓஸ்வால்ட் மேடையிலேயே ஜோசஃபினின் வேலை நிரந்தரம் என்று அறிவித்து மாலை போட்டு, ஆசிரியத் தொழிலில் கண்ட நிறைவைப் பற்றிப் பேசச் சொன்னார். "யாருக்கும் வேண்டாத பிள்ளைகள்தான் என் வாழ்க்கைக்கு அர்த்தம் கொடுத்தார்கள்" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்தது. வந்த கண்ணீரும் பொய்யில்லை. கைதட்டல் ஓய நேரமாயிற்று.

கீழே இறங்கியதும் தனக்கோடி எதிரே வந்தாள். சின்ன மகளைச் சேர்க்க வந்திருந்தாள். கூடவே சாந்தகுமாரி, தலைமுடியில் வெள்ளை நூல் பிசிறுகளோடு. கையில் மடித்த தாள்கள்.

"கணக்குப் பரீட்சை அன்னிக்கே நம்ம கிளாஸ் நிருபமாகிட்ட கொஸ்டின் பேப்பர் வாங்கி, வீட்ல உக்காந்து எழுதினேன் மிஸ். காப்பியே அடிக்கல."

"இவ எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசி ஆறு மாசமாவுது மிஸ்" என்றாள் தனக்கோடி. "நீங்க திருத்தி பாஸுன்னு சொன்னா வர்ற மார்ச்சுல எழுதட்டும். ஃபெயிலுன்னா பேசாம மெஷின்ல உக்காரட்டும்னு சொல்லிட்டேன். நீங்களே பாத்து சொல்லிடுங்க."

ஜோசஃபின் காலி நாற்காலியில் உட்கார்ந்து, மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் பக்கத்திலேயே பயம் வந்துவிட்டது. இரண்டு தாள் பாக்கியிருக்கும்போதே முப்பத்தைந்து தாண்டியது. மனக்கணக்கில் மொத்தம் நாற்பத்தேழு.

நாலு நாற்காலி தள்ளி ஓஸ்வால்ட் கமிட்டிக்காரர்களோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு என்றால் தனக்கோடி அடுத்து என்ன கேட்பாள் என்பது ஜோசஃபினுக்குத் தெரியும். அப்ப ஏன் நிறுத்தச் சொன்னீங்க என்று இங்கேயே, இந்த மாலையோடு இருக்கும்போதே கேட்பாள்.

அவள் தாள்களைத் திரும்பப் புரட்டினாள். தேற்றத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். அல்ஜீப்ராவில் இரண்டு கணக்குகளை அடித்தாள். கடைசிப் பக்கத்தில் முப்பத்தொன்று என்று போட்டு வட்டமிட்டாள்.

"நாலு மார்க்குல போயிருப்பே. விடை வந்தா போதாதும்மா. ஸ்டெப் எழுதலையே நீ."

தனக்கோடி ஜோசஃபினின் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தியாடி? மிஸ்ஸு உன் மானத்தக் காப்பாத்தியிருக்காங்க. இனி படிப்புன்னு வாயத் தொறக்காத." பிறகு சின்னவளை முன்னால் தள்ளினாள். "இவளயும் உங்க கையிலதான் மிஸ் உடறேன்."

சாந்தகுமாரி அந்தத் தேற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் போர்டில் எழுதிக் கொடுத்தபடியே, ஒரு வரி விடாமல், எல்லா ஸ்டெப்பும் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்தது.

"ஆமா மிஸ்" என்றாள். "ஸ்டெப் விட்டுட்டேன்."