சித்தேரிக் கொம்பு

சென்ற ஐப்பசியில் சித்தேரி உடைந்தபோது அடித்த தண்டோராவை மழை இரைச்சல் விழுங்கிவிட்டது. கீழூரில் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் இந்த வருஷம் மராமத்து மேஸ்திரி ராமலிங்கம் ஏரிக்கரைமேல் மரத்தால் ஒரு பெரிய ஊதுகொம்பு கட்டினார். ஆள் நுழையும் அளவுக்கு வாய். அடியில் இரும்புத் தகடு. அதை அதிரவைக்க, ரோடு போடும் நீராவி எஞ்சினிலிருந்து ஒரு குழாய். கீச்சுச் சத்தம் காற்றில் கலைந்துவிடும், அடித்தொண்டைச் சத்தம்தான் மழையைத் தாண்டிப் போகும் என்பது அவர் எண்ணம்.

சோதனைக்காக ஆவியைத் திறந்தபோது காதில் விழுந்ததைவிட நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்ததுதான் அதிகம். ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

கீழூரையும் தாண்டி, நெசவாளர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையம் வரை கேட்கிறதா என்று பார்க்கப் போயிருந்த கையாள் பரசுராமன் மத்தியானம் சைக்கிளில் திரும்பினான்.

"கேக்கலை மேஸ்திரி, உதைச்சுது! தறிக்குழியில கால் வச்சிக்கினு இருந்தவங்க, பூமி ஆடுதுன்னு தெருவுக்கு வந்துட்டாங்க. ஒருத்தர் வேட்டியை வுட்டுட்டே வந்தாரு."

ராமலிங்கம் சிரித்து முடிப்பதற்குள் பட்டம்மாள் வந்து நின்றாள். சேரியில் கரைக்கு நேர் கீழே அவள் குடிசை.

"சிரிச்சது போதும், வந்து பாருங்க. கரையில தண்ணி கசியுது. காலையில காஞ்சி கெடந்த எடம்."

"மழைக்காலத்துல கசியாத கரை ஏது பட்டம்மா?"

"எங்க வூட்டுச் சட்டியே நவுந்து போயி வுழுந்து ஒடைஞ்சுது. மண்ணு மட்டும் சும்மா இருக்குமா?"

ஈரமண்ணை அதிர்வு என்ன செய்யும் என்று அவர் யோசித்ததே இல்லை.

"இன்னிக்கு ஒருநாள் பிள்ளைங்களோட மேட்டுத்தெருவுக்குப் போயிடேன்."

"அங்க எங்களை யாரு சேத்துப்பாங்க? நெருப்பை அணைங்க. அது ஊதலைன்னா நாங்க ஏன் போவணும்?"

சேரி ஆட்கள் வந்து ஆவிக்குழாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. ராமலிங்கம் எஞ்சினின் கங்குகளை வாரிக் கொட்டச் சொன்னார். அதன்பின் கசிவின் அருகிலேயே குந்தி, நீரைக் கையில் ஏந்தி ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். தெளிவாக வரும்வரை பயமில்லை.

பொழுது சாயும் நேரத்தில் உள்ளங்கையில் செம்மண் நின்றது. கரை உள்ளே கரைகிறது.

எஞ்சின் சில்லென்றிருந்தது. மறுபடி ஆவி ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏறியிருந்தாலும், கரையை இன்னும் உலுக்கும் அதைத் திறந்திருப்போமா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஓடு பட்டம்மா! எல்லாரையும் கிளப்பு!"

அவள் ஏற்கெனவே பிள்ளையை இடுப்பில் ஏற்றிவிட்டாள். "எங்களுக்குக் கேட்டுடுச்சு. கீழூருக்கு?"

பரசுராமனின் சைக்கிள் வரப்புச் சேற்றில் புதைந்தது. அதைப் போட்டுவிட்டு அவன் ஓடினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராமலிங்கமும் பின்னால் ஓடினார், கத்திக்கொண்டே. அந்த மழை இரைச்சலில் முன்னால் ஓடிய பரசுராமன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.